பழைய விமானமும் புதிய தகடும்

பழம்பொருளைப் பழுது பார்ப்போர் இரு திறத்தார். முன்னிருந்த பொருளையே தேடி இடவேண்டும் என்பர் ஒரு சாரார். இன்று கிடைப்பவற்றுள் மிக வலியதை இட்டால் என்றும் கெடாது என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் குறையுடையன என்பதே நம் கருத்து. பழைய சிறு விமானத்தின் இயந்திரத்தைச் சூழ்ந்து நிற்கும் தடுப்புத் தகட்டைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறோம்.

நம் நாட்டில், பெங்களூரில் இயற்றப்பெற்ற 'புஷ்பக்' விமானம் 1958 செப்டம்பர் 28-ஆம் நாள் முதன்முதல் பறந்தது. விமானப் பயிற்சிக் கழகங்களுக்கென அமைந்த அதன் 90 குதிரைத்திறனுள்ள இயந்திரத்தைக் குளிர்விப்பது காற்றே, நீர் அன்று. இவ்வகை இயந்திரங்களில், முகப்பிற் புகும் காற்றை மனம்போனவாறு ஓடவிடாது, சிலிண்டர்களின் மெல்லிய செதில்களினூடே செலுத்துவன தடுப்புத் தகடுகள். அவற்றிற்கும் வெளி மூடிக்கும் இடையே சந்து விழுமாயின் காற்று அவ்வழியே தப்பிவிடும். சிலிண்டர்கள் அளவிறந்து சூடேறும். சாலையில் வண்டியை நிறுத்தி ஆறவிடலாம். வானத்தில் அஃது இயலுமோ?

இத்தகட்டில் பிளவு கண்டால் எதனை இடுவது? தாமிரம் கலந்த 2024 என்னும் அலுமினியம் மிக வலியது. ஆயினும் கூர்மையாக மடித்தால் விரிசல் காணும்; பற்றவைப்புக்கும் இணங்காது. மக்னீசியம் கலந்த 5052 வலிமையிற் குறைந்ததேனும், மடிப்புக்கு இசையும். ஓயாத அதிர்வைப் பொறுக்கும். உப்புக் காற்றுக்கும் எளிதில் அரிபடாது. நம்மூர்போற் கடலோரத்தில் நிற்கும் விமானத்துக்கு இக்குணம் சிறிதன்று. எஃகு ஒட்டுப் போட்டால் வலுக்கும் என்பாரும் உளர். இருவகை உலோகங்கள் கூடிய இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு அலுமினியத்தையே தின்னும். அளவு குறிக்கப் பென்சிலும் ஆகாது. அதன் காரீயமும் அலுமினியத்தை அரிக்கும். ஆதலின் வலிமையே தகுதி என்பார் கொள்கை இங்கே தோற்கிறது.

பழமையே தகுதி என்பார் கொள்கையும் நில்லாது. தகட்டின் ஓரத்தில் மூடியைத் தழுவிநிற்கும் மெத்தென்ற பட்டைக்கு முற்காலத்தில் கல்நார்த் துணியையும் ரப்பரையும் கூட்டி இட்டனர். கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது இன்று எவரும் அறிந்தது. கண்ணாடி நூல் பொதிந்த சிலிக்கோன் ரப்பர் வெப்பத்தையும் தாங்கி நெகிழ்ச்சியும் குன்றாது நிற்கையில், தோற்றத்தின் பொருட்டுத் தொழிலாளியை நோய்க்கு உள்ளாக்குதல் அறமாகாது.

செலவை எண்ணிக் கடைத்தெருவில் கிடைத்த பாத்திரத் தகட்டை வெட்டி இடலாமே என்பார்க்கு ஒன்று கூறுவோம். இன்ன கலவை, இன்ன பதம் என்னும் சான்று இல்லாத தகடு, கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும் குணத்தில் வேறாகலாம். உரிமம் பெற்ற பொறியாளர் சோதித்துக் கையொப்பமிட்ட பின்னரே விமானம் எழவேண்டும் என்பது வீண் சடங்கன்று. ஏறிச் செல்பவன் உயிர்க்குப் பிணை.

இவ்வுண்மை புதுச்சேரி மக்களுக்குப் புதிதன்று. நம் நகரின் பழைய பிரெஞ்சு மாளிகைகளும், தமிழர் வீதிகளின் திண்ணை வீடுகளும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தவை. வலியது என்று கருதிச் சிமெண்டைப் பூசினால், சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும், பூச்சு உதிரும், செங்கல்லும் பொடியும். சுண்ணாம்போ ஈரத்தை வெளியே விடும். ஆங்கே சுண்ணாம்பு வெல்வது பழையது என்பதனால் அன்று, பொருந்துவது என்பதனால். இங்கே கல்நார் தோற்பதும் பழையது என்பதனால் அன்று. தீங்கு செய்வது என்பதனால்.

ஆகவே, பழுது பார்ப்போன் முதற்கண் வினவவேண்டியது, 'இவ்வுறுப்பு யாது தொழில் செய்கிறது?' என்பதே. அதனை உணராது இடும் பொருள், பொன்னேயாயினும் பிழையே. பழைமையைப் போற்றப் புகும் நம் மாணவர் இதனை உள்ளத்திற் கொள்வாராக.