பொடியானதெல்லாம் நானோ ஆகாது

சித்தர்கள் செய்த பற்பமும் செந்தூரமும்தான் உலகின் முதல் நானோ மருந்து என்று சொல்லும் கூட்டம் நம்மிடையே பெருகிவிட்டது. கருத்தரங்கு மேடை, கோயில் மண்டபம், குடும்ப வாட்சாப் குழு என எங்கும் இதே பேச்சு. பொறியியல் படித்தவன் என்பதால் என்னையும் 'ஆமா' போட வைப்பதில் சிலருக்குத் தனி ஆர்வம். என்னால் முடியாது.

அவர்களின் ஆதாரத்தை மறைக்க வேண்டாம். சில பற்பங்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, நானோமீட்டர் அளவுத் துகள்கள் இருப்பதாக ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. சரி, இருக்கட்டும். விளக்குக் கரியிலும்தான் அந்த அளவுத் துகள் இருக்கிறது. அதுக்காகக் கண்மையை நானோ தொழில்நுட்பம்னு சொல்லிடுவோமா?

நானோ மருத்துவம் என்பது சின்னதாக அரைப்பது அல்ல. அறிந்து, அளந்து செய்வது. ஃபைசர் கோவிட் தடுப்பூசியையே பாருங்கள். அதிலுள்ள எம்ஆர்என்ஏ தனியாகப் போனால் உடம்பின் நொதிகள் சிதைத்துவிடும். ஆகவே சுமார் 100 நானோமீட்டர் கொழுப்பு உருண்டைக்குள் வைத்து அனுப்புகிறார்கள். அந்த உருண்டையின் முக்கியக் கொழுப்பு, ரத்தத்தில் ஏறக்குறைய மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். செல் அதை ஒரு பைக்குள் விழுங்கியதும், பையின் அமிலத்தன்மையால் நேர்மின்னூட்டம் பெறும். பையின் சுவரைக் குலைத்துச் சரக்கை வெளியே விடும். எங்கே மூடியிருக்க வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த வேலை இது.

1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில் இன்னொரு உதாரணம். டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத்தைக் கெடுக்கக்கூடியது. கொழுப்புக் குமிழுக்குள் அடைத்தபோது அந்தப் பாதிப்பு குறைந்தது. ஆனால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியும் தொல்லை கூடியது. அதையும் மருந்தின் தகவல் தாளில் எழுதித்தான் விற்கிறார்கள். தன் மருந்தின் கெடுதலைத் தானே சொல்லும் இந்தப் பழக்கம் நம்ம மேடைகளில் உண்டா?

சிறுசானால் நல்லது என்று யார் சொன்னது? பெரிய துகள் போகாத இடத்துக்கும் சிறிய துகள் போகும். அது பாதரசமாக இருந்தால் என்ன செய்வது? இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008இல் ஜாமா மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

'முன்னோரைப் பழிக்கிறாயா?' என்பார்கள். இல்லை. தங்கள் கையில் இருந்ததை வைத்துச் சோதித்தவர்கள் அவர்கள். மின்னணு நுண்ணோக்கி ஜெர்மனியில் உருவானதே 1931இல்தான். நானோ என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் வாயில் நாம்தான் திணிக்கிறோம்.

இலக்கிய வாசகர்களிடம்தான் எனக்கு வருத்தம் அதிகம். தாத்தா எழுதினார் என்பதற்காக ஒரு கவிதையை நல்ல கவிதை என்று நாம் ஒத்துக்கொள்வதில்லை. வரிவரியாகப் பிரித்துப் பார்க்கிறோம். மருந்து என்று வந்தால் மட்டும் ஏன் கைதட்டிவிட்டு எழுந்து போகிறோம்? மோசமான கவிதையால் யாரும் சாவதில்லை. மார்பில் கட்டியோடு இருக்கும் ஓர் அக்கா, 'இதுவும் நானோதானாம்' என்று பொடியை நம்பி ஆறு மாதம் தள்ளிப்போட்டால், அந்த ஆறு மாதத்தில் நம் கைதட்டலுக்கும் பங்கு உண்டு.