கலவன் என்று பிடுங்கும் முன்

விதைப்பண்ணையாகப் பதிவான நெல் வயலில் கதிர் வெளிவரும் நாட்களில் ஒரு வேலை உண்டு. ஆட்கள் வரிசையாக வயலுக்குள் இறங்கி, ஒவ்வொரு தூராகப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து நிற்கும் பயிர், நான்கு நாள் முந்திப் பூத்த கதிர், மணியின் நுனியில் மீசை வைத்த நெல், கணுவில் ஊதா நிறம் ஏறிய தாள் எதுவானாலும் வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே போட்டுவிட வேண்டும். இவற்றுக்குக் கலவன் என்று பெயர். சான்று விதை எடுக்கும் நெல் வயலில் கலவன் 0.20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆதார விதை வயலில் 0.05 சதவீதம்தான் வரம்பு. ஆயிரத்தில் இரண்டுக்கு மேல் மாறி நின்றால் விதைச்சான்று அலுவலர் அந்த வயலைத் தள்ளிவிடலாம்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காசு கொடுத்து மூட்டை வாங்குகிறவருக்குப் பையின் மேல் எழுதிய ரகம்தான் உள்ளேயும் இருக்கிறது என்ற உறுதி வேண்டும். கலப்பட விதையால் ஒரு போகமே கையைவிட்டுப் போனவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். விதை மூட்டைக்காக வகுத்த இந்த அளவுகோலே இன்று பயிர் பற்றிய சட்டத்துக்கும், பயிரைக் கணிக்கும் கணினி நிரல்களுக்கும் பொது அளவுகோலாகிவிட்டதுதான் கவலைக்குரியது. ஒன்றுபோல் இருப்பதே நல்ல பயிர், மாறி நிற்பது பிழை என்ற எண்ணம் மூன்று துறைகளிலும் ஊறிப்போயிருக்கிறது. இதைத் திருத்தாவிட்டால் இழப்பு உழவருக்குத்தான்.

கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921இல் வெளியிட்ட ஜி.இ.பி. 24 ரகத்தின் பிறப்பைப் பார்த்தால் இது விளங்கும். சென்னை மாகாண அரசின் தாவரவியல் அலுவலருடைய ஆங்கிலப் பதவிப் பெயரின் முதலெழுத்துகளே அந்த ரகத்தின் பெயர். கிச்சிலிச் சம்பா என்றால் பலருக்கும் தெரியும். யாரும் ஒட்டுக் கட்டி உருவாக்கிய நெல் இல்லை இது. பழைய ரகம் ஒன்றின் நடுவே தானாக மாறி நின்ற செடியிலிருந்து வந்தது. விதைப்பண்ணை விதிப்படி அது கலவன். பிடுங்கி எறியாமல் தனியே அறுத்து, தனியே விதைத்துப் பார்த்தார்கள். அதன் சன்ன அரிசி பின்னாளில் பல ரகங்களுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவாகி, தமிழ்நாட்டுச் சந்தையிலும் கொடிகட்டிப் பறக்கும் பி.பி.டி. 5204 என்ற சம்பா மசூரிக்கு ஜி.இ.பி. 24 மூதாதை. திரூர்குப்பத்தில் பிறந்த டி.கே.எம். 6 அதன் நேர் வாரிசு. அதன் வழியாக ஐ.ஆர். 20, ஐ.ஆர். 36 வரை அந்த ஒற்றைச் செடியின் மரபு பாய்கிறது.

ஐ.ஆர். 36க்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. 1970களில் ஆசிய நெல் வயல்களைப் புல்தழைக்குட்டை வைரஸ் அழித்தபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் விதை வங்கியிலிருந்த 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. வைரஸை எதிர்த்து நின்றது ஒரே ஒரு மாதிரி. உத்தரப் பிரதேசத்தில் திரட்டிய ஒரிசா நிவாரா என்ற காட்டு நெல் அது. மணி உதிர்ந்து கொட்டும், விளைச்சலும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. அப்படியொரு புல்லைச் சேகரித்து வைத்திருந்ததால்தான் கோடிக்கணக்கான ஏக்கர் நெல் தப்பியது.

வேறுபாடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அதே காலத்தில் அமெரிக்கா கண்டது. மக்காச்சோளத்தின் ஆண் பூங்கொத்தைக் கையால் கிள்ளும் செலவை மிச்சப்படுத்த, ஆண்மலட்டுத்தன்மை கொண்ட டெக்சஸ் வகைச் சைட்டோபிளாசத்தை வீரிய ரகங்கள் பெரும்பாலானவற்றில் புகுத்தினார்கள். கம்பெனி வேறு, பெயர் வேறு, பை வேறு; உள்ளே சைட்டோபிளாசம் ஒன்றுதான். அந்நாட்டின் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் அந்த வகையாக இருந்தபோது, 1970இல் அதைக் குறிவைத்துத் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சை பரவியது. அந்த ஆண்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதம் பாழானது.

இந்தப் பாடங்கள் தாவரவியல் வகுப்பறையில் எப்போதோ சேர்ந்துவிட்டன. சட்டப் புத்தகத்தில்தான் இன்னும் சேரவில்லை.

இந்தியாவின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001இல் வந்தது. ஒரு ரகத்தைப் பதிவு செய்ய அது மற்ற ரகங்களிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், வயல் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும், தலைமுறை தாண்டியும் மாறாமல் நிற்க வேண்டும். புதிய ரகம் என்றால் புதுமையும் தேவை. சொத்துரிமையின் தர்க்கம் இது. எல்லைக்கல் நடாமல் பட்டா தர முடியாது என்பதுபோல, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத பயிருக்கு உரிமை கொடுக்கச் சட்டத்துக்குத் தெரியவில்லை. உழவர்கள் காத்துவந்த ரகங்களுக்காக ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள்: சாதாரணமாக அனுமதிக்கும் கலவன் எண்ணிக்கையில் இரண்டு மடங்கு வரை இருக்கலாம். நல்லெண்ணத்தில் வைத்த விதிதான். ஆனாலும் அது வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் விதியே ஒழிய மதிக்கும் விதி இல்லை. உழவரின் ரகம் இன்னும் கொஞ்சம் அசுத்தமாக இருக்கலாம் என்றுதான் அது சொல்கிறது.

பாரம்பரிய ரகம் என்பது ஒரே அச்சில் வார்த்த செடிகளின் கூட்டம் இல்லை. ஒடிசாவின் உள்ளூர் நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ, இரண்டு வாரம் வரை முழுக்க நீரில் மூழ்கினாலும் பிழைத்து எழும். அந்தத் திறனுக்குக் காரணமான சப்1ஏ மரபணுவை விஞ்ஞானிகள் 2006இல் அடையாளம் கண்டார்கள். அதை ஏற்றிய ஸ்வர்ணா சப்1 ரகம் 2009இல் இந்திய வயல்களுக்கு வந்தது. மரபணுவுக்குப் பெயர் வைத்த பிறகு அதன் மதிப்பு எல்லோருக்கும் புரிந்தது. பெயர் வைக்கும்வரை அதைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவை, எந்தப் பதிவேட்டிலும் சீராக நிற்காத வயல்கள்.

அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு இந்திய விவசாயிக்கு அரிய உரிமை ஒன்றைத் தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையையும் அவர் சேமிக்கலாம், விதைக்கலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். வணிகப் பெயரிட்டு மட்டும் விற்கக் கூடாது. உலகில் பல நாடுகளில் இவ்வளவு தாராளம் கிடையாது. இருந்தும் 2019இல் எஃப்.எல். 2027 என்ற உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதற்காகக் குஜராத் விவசாயிகள் சிலர் மேல் பெப்சிகோ நிறுவனம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. எதிர்ப்பு வலுக்கவே திரும்பப் பெற்றது. ரகப் பதிவை 2021இல் இந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்தை நீக்கியது. சீரான ரகத்துக்கு உரிமையாளரும் வழக்கறிஞரும் ஆவணமும் இருக்கிறார்கள். மாறிக்கொண்டே இருக்கும் பயிருக்காக எந்த நீதிமன்றத்தில் யார் நிற்பது?

சட்டத்தால் முடியாத காரியம் இல்லை இது. ஐரோப்பிய ஒன்றியம் தன் 2018ஆம் ஆண்டு இயற்கை வேளாண்மை ஒழுங்குமுறையில் பன்மரபு விதை என்ற தனி வகையைச் சேர்த்தது. 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சீர்மைச் சோதனை இல்லை. எந்தப் பெற்றோர் செடிகளிலிருந்து, என்ன முறையில், எந்த வட்டாரத்தில் உருவானது என்ற விவரத்தை அறிவிக்க வேண்டும். முளைப்புத்திறனும் நோயற்ற விதையும் கட்டாயம். வாங்குகிறவரை ஏமாற்றாமலே வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கும் வழி அது.

கலந்து நடுவதால் விளைச்சல் படுத்துவிடும் என்று அஞ்சுவோர் சீனாவின் யுன்னான் மாகாணத்தைப் பார்க்கலாம். அங்கே உண்ணத் தித்திக்கும் ஒட்டரிசி ரகங்களுக்குக் குலைநோய் எளிதில் வரும். எதிர்ப்புள்ள வீரிய நெல்லை நான்கு அல்லது ஆறு வரிசை நட்டு, அவற்றுக்கிடையே ஒட்டரிசியை ஒரு வரிசை நட்டார்கள். 1999இல் இந்தச் சோதனை 3,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்தது. தனியே நட்ட ஒட்டரிசியோடு ஒப்பிட்டால் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது, அதன் விளைச்சல் 89 சதவீதம் கூடியது. பூஞ்சைக்கொல்லி தெளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். 2000ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வந்த இந்த முடிவுக்குப் பின்னால் புதிய மருந்தோ புதிய மரபணுவோ இல்லை; இருந்த ரகங்களை அடுக்கிய விதம்தான்.

இனி கணினி. பயிர் வளர்ச்சியைக் கணிக்கும் ஒரைசா, டிசாட் போன்ற மாதிரிகள் ஒரு ரகத்துக்கு ஒரு தொகுதி எண்களை எடுத்துக்கொள்கின்றன: இத்தனை நாளில் பூக்கும், இத்தனை வெப்பம் வேண்டும், மணி இவ்வளவு எடை. அதன் பிறகு வயல் முழுவதும் ஒரே சராசரிச் செடியாகிவிடுகிறது. நெற்பூ திறந்திருப்பது ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடுதல். அந்த நேரத்தில் வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பதராகும். ஒரே நாளில் பூக்கும் வயலில் அந்த வெயில் எல்லாக் கதிரையும் தாக்கும். இரண்டு வாரம் பரவிப் பூக்கும் வயலில் ஒரு பங்கு போய் மீதி நிற்கும். சராசரிச் செடியை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இந்த இரண்டு வயல்களும் ஒன்று. தமிழ்நாட்டில் செயற்கைக்கோள் ரேடார் படங்களோடு ஒரைசா மாதிரியை இணைத்துச் செய்யும் மகசூல் மதிப்பீடு பயிர்க்காப்பீட்டிலும் பயன்பட்டிருக்கிறது. காப்பீடு ஏற்கனவே ஓர் அலகின் சராசரியை வைத்துத்தான் பணம் தருகிறது. மாப்பிள்ளைச் சம்பாவோ காட்டுயானமோ போட்டவரின் வயலை எந்த ரகத்தின் எண்களால் கணக்கிடுகிறார்கள் என்பதை அவரிடம் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

நோய் கண்டுபிடிக்கும் கைபேசிச் செயலிகளின் நிலைமை இன்னும் வெளிப்படையானது. 2016இல் வெளியான பரவலாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று, பிளான்ட்வில்லேஜ் தொகுப்பின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு 14 பயிர்களில் 26 நோய்களை அறியக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தப் படங்கள் இலையைக் கிள்ளி, வெறுமையான பின்னணியில் வைத்து எடுத்தவை. அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களில் துல்லியம் 99.35 சதவீதம் வந்தது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது சுமார் 31 சதவீதமாகச் சரிந்தது. நிழல் விழுந்த இலை, சேறு தெறித்த இலை, இரண்டு நோய் சேர்ந்த இலை, பூச்சி கடித்த இலை என்று வயலில் என்னவெல்லாம் உண்டோ அவை எதுவும் பாடத்தில் இல்லை. ஆய்வாளர்கள் இந்தச் சரிவைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள், அது பாராட்டத்தக்கது. செயலி விற்பவர்களும் அதைச் செய்ய வேண்டும்.

மென்பொருள் உலகமும் இதைத் தன் சொந்த வீட்டில் அறியும். ஒரே இயங்குதளத்தை எல்லோரும் பயன்படுத்துவது ஒற்றைப் பயிர் சாகுபடி போன்ற ஆபத்து என்று டான் கீர் தலைமையில் பாதுகாப்பு வல்லுநர்கள் 2003இலேயே எச்சரித்தார்கள். 2024 ஜூலை 19 அன்று க்ரௌட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்து, விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திணறின. 1970இல் மக்காச்சோளத்தில் நடந்ததன் அமைப்பு இதிலும் அப்படியே இருந்தது.

1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டுவர 2004 முதல் முயற்சி நடக்கிறது. அந்தச் சட்டத்தில் கலப்பு விதைக்கும் பாரம்பரியப் பன்மரபு விதைக்கும் தனி அத்தியாயம் வேண்டும். முளைப்புத்திறனுக்கும் நோயின்மைக்கும் கண்டிப்பான விதிகள் இருக்கட்டும். சீர்மைக்குப் பதிலாக, வயலில் காணும் வேறுபாட்டின் வீச்சைப் பதிவு செய்யட்டும்: உயரம் இத்தனையிலிருந்து இத்தனை வரை, பூப்பது இத்தனை நாளுக்குள். அப்படிப் பதிவான எண்கள் கணினி மாதிரிக்கும் உதவும்; ஒற்றைச் சராசரிக்குப் பதில் வீச்சைக் கணக்கிட அதற்கு வேறு தரவு இல்லை. வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் பரிந்துரைக்கும் எந்தச் செயலியானாலும், காவிரிப் படுகையிலும் தாமிரபரணிக் கரையிலும் மானாவாரிப் புன்செயிலும் எடுத்த படங்களில் சோதித்த பிறகே உழவரிடம் போக வேண்டும். அந்தச் சோதனையில் கிடைத்த துல்லியம், மாவட்டத்தோடும் பருவத்தோடும் சேர்த்து, செயலி பரிந்துரைக்கும் மருந்தின் பெயருக்கு மேலே அச்சாக வேண்டும்.