மருந்துக்குக் கேட்குமா?

"இந்த மருந்துக்குக் கேக்குமா சிஸ்டர்?"

காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வரும் அம்மாக்களிடம் யோசிக்காமல் "கேக்கும்மா" என்று சொல்லிவிடுவேன். அந்த ஆறு மாதக் குழந்தையின் அம்மாவிடம் வாய் வரவில்லை. குழந்தைக்கு பாம்பே நோய். "நாங்க பம்பாய் பக்கமே போனதில்லையே" என்றாள் பாவம். 1932-இல் இதை விவரித்த டச்சு மருத்துவரின் பெயர் அது. கிளைக்கோஜனை உடைக்கும் நொதி ஒன்று பிறவியிலேயே வேலை செய்யாது. தலை நிற்காது, இதயம் பருத்துப்போகும்.

அந்த நொதியையே ஊசியில் ஏற்றும் மருந்து 2006-இலேயே வந்துவிட்டது. குப்பிக்கு 50 மில்லிகிராம் வெள்ளைப் பொடி. தண்ணீர் விட்டதும் குலுக்கக் கூடாது, சாய்த்து மெல்ல உருட்ட வேண்டும். ஐந்து கிலோ குழந்தைக்கு இரண்டு குப்பி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு மணி நேரம் சொட்டுச் சொட்டாக.

முதலில் நன்றாகவே கேட்டது. எக்கோவில் இதயம் சுருங்கியது, காலை உதைத்தாள். சில மாதத்தில் எல்லாம் நின்றுபோனது.

சில குழந்தைகளின் உடம்பில் அந்த நொதி அரைகுறையாகவாவது இருக்கும். இவளிடம் துளியும் இல்லை. அதனால் ஊசியில் போன நொதியை உடம்பு அந்நியன் என்று நினைத்து எதிர்ப்புரதம் செய்து தள்ளியது. மரபணு அறிக்கையும், உடம்பில் அந்த நொதி கொஞ்சமாவது இருக்கிறதா என்று பார்க்கும் 'கிரிம்' பரிசோதனையும் இதை முன்பே காட்டியிருக்கும். எங்கள் வார்டில் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

தெரிந்திருந்தால் முதல் டோஸோடு ரிட்டுக்ஸிமாப், மெத்தோட்ரெக்ஸேட், இம்யூனோகுளோபுலின் கொடுத்து உடம்பைப் பழக்கியிருக்கலாம். எதிர்ப்புரதம் ஏறிய பிறகு அது பெரும் பாடு.

"கேட்காதுன்னு தெரிஞ்சா பணத்தை ஏன் வீணாக்கணும்?" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அரசின் அரிய நோய்க் கொள்கையில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உண்டு. அதில் கைவைக்க இந்தப் பரிசோதனை சாக்காகிவிடக் கூடாது. நொதி இருக்கிற குழந்தைகளிலும் சிலருக்கு எதிர்ப்புரதம் ஏறுகிறது. ஆக, இது தீர்ப்பு இல்லை, தயாரிப்பு. முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடவும் முடியாது, இதயம் காத்திருக்காது. எனவே நோய் சந்தேகம் வந்த அன்றே கிரிம் பரிசோதனைக்கும் ரத்தம் போக வேண்டும், அந்தச் செலவையும் அரசே ஏற்க வேண்டும். மருந்தின் விலைக்கு முன்னால் அது சொற்பம்.

போன வருஷம் இன்னொரு பையன் வந்தான். முதல் குப்பியைக் கரைக்கும்போதே மெத்தோட்ரெக்ஸேட்டும் ட்ரேயில் இருந்தது. அவன் அப்பாவும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"கேக்க வைக்கத்தான் பாக்குறோம்ண்ணா" என்றேன்.