வழியனுப்பு விழா பயிற்சி ஆகாது

2023 ஜூனில் பெர்லினில் நடந்த சிறப்பு ஒலிம்பிக்ஸ் உலகப் போட்டிக்கு 198 பேரை அனுப்பியது இந்தியா. அவர்கள் 76 தங்கம், 75 வெள்ளி, 51 வெண்கலம் என 202 பதக்கங்களோடு ஊர் திரும்பினார்கள். ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலம் வந்தாலே ஊர்வலம் போகும் நாட்டில் வாழ்த்துச் செய்திகள் குவிந்ததில் வியப்பில்லை. ஆனால், அதற்கு நான்கு ஆண்டு முன்பு அபுதாபியில் நமக்குக் கிடைத்தவை 368. அப்படியென்றால் நாம் சரிந்துவிட்டோமா? அதுவும் இல்லை. அறிவுசார் குறைபாடு உடையோருக்கான இந்தப் போட்டியில் பதக்க எண்ணிக்கை ஒரு நாட்டின் தரத்தை அளக்கும் கோல் அல்ல. அதைக் கோலாகப் பிடித்துக்கொண்டதால்தான் அணியைத் தயார்படுத்தும் வேலையை நாம் தலைகீழாகச் செய்துவருகிறோம்.

போட்டியின் முறையைப் புரிந்துகொண்டால் இது விளங்கும். வீரர்கள் பாலினம், வயது, திறன் ஆகிய மூன்றின்படி பிரிக்கப்படுகிறார்கள். முதலில் ஒரு முன்னோட்டம் நடக்கும். அதில் ஏறக்குறைய சமமான நேரம் எடுத்தவர்களை, சுமார் 15 சதவீத வித்தியாசத்துக்குள், மூன்று முதல் எட்டுப் பேர் வரை ஒரு பிரிவாக்குவார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனித் தங்கம். நூறு மீட்டரை 14 நொடியில் ஓடியவருக்கும் தங்கம் உண்டு, 25 நொடியில் ஓடியவருக்கும் உண்டு. மல்யுத்தத்தில் எடைப் பிரிவு இருப்பதுபோல்தான் இதுவும். இதில் இரக்கத்துக்கு வேலையில்லை. முன்னோட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓடிவிட்டு இறுதியில் பாய்ந்தால் தகுதிநீக்கம் செய்யவும் விதி இருக்கிறது. பதக்கக் கணக்கில் குறியாக இருக்கும் அதிகாரிகள் அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இதைவிட முக்கியமானது தேர்வு முறை. உலகப் போட்டிக்கு ஒரு நாட்டுக்குக் கிடைக்கும் இடங்கள் குறைவு. முதலிடம் பெற்றவர்கள் அதைவிட அதிகம் இருந்தால், எல்லாப் பிரிவு வெற்றியாளர்களின் பெயரையும் சேர்த்துக் குலுக்கல் போட வேண்டும். ‘என் பிள்ளைதானே வேகமாக ஓடினான், அவனை ஏன் எடுக்கவில்லை?’ என்று கேட்கும் பெற்றோரின் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் இந்த விதி சரியானது. வேகமானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அதிக உதவி தேவைப்படும் வீரர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட விமானம் ஏற மாட்டார்.

யார் பெயர் வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே, பெயர் வரக்கூடிய எல்லோருக்கும் ஆண்டு முழுவதும், அவரவர் ஊரிலேயே பயிற்சி இருந்தாக வேண்டும். நாமோ பெயர்கள் வந்த பிறகு ஒரு முகாம் நடத்தி, டெல்லியில் சீருடை கொடுத்து, அமைச்சரோடு படம் எடுத்து அனுப்பிவைக்கிறோம். போட்டிக்கு முன் குறைந்தது எட்டு வாரமாவது பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது சிறப்பு ஒலிம்பிக்ஸ் விதி. அந்தக் குறைந்த அளவையே போதுமான அளவாக எடுத்துக்கொள்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

முகாமால் எதைத் தர முடியாது என்பது மைதானத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஓட வேண்டும். சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் கைதட்டல், பிறகு விசில், பிறகு தொலைவில் ஒரு வெடிச் சத்தம் என்று படிப்படியாகப் பழக்க மாதங்கள் பிடிக்கும். எல்லைக் கோட்டைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து நின்றுவிடும் பிள்ளைக்காக, கோட்டுக்குப் பத்தடி தாண்டி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார் ஆசிரியர். கூப்பிடுவது தெரிந்த குரலாக இருந்தால்தான் பிள்ளை கோட்டைத் தாண்டி ஓடிவரும். தொடர் ஓட்டத்தில் கையில் வாங்கிய குச்சியை அடுத்தவரிடம் கொடுக்க மனமில்லாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையும் உண்டு. விட்டுக்கொடுக்கப் பழக்கத் தெரிந்தவரும் அந்த ஆசிரியர்தான். தேனியிலிருந்து போகும் பிள்ளைக்கு, இந்தியில் கட்டளையிடும் முகம் தெரியாத பயிற்சியாளர் இரண்டு வாரத்தில் இதில் எதைச் செய்ய முடியும்?

இருந்தும், அணியோடு பயணம் செய்பவர்களின் பட்டியலில் அந்த ஆசிரியருக்கு இடம் உறுதியில்லை. சிறப்புப் பள்ளிகளில் பெரும்பாலானவை தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை. சிறப்பாசிரியர்கள் பலர் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும், மாற்று ஆளும் கிடைக்க மாட்டார். வீரருக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பள்ளி முடிகிறது, அதோடு மைதானமும் முடிகிறது. வீட்டுக்குள் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருக்கும் முப்பது வயது ‘முன்னாள் வீரர்’ நம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்.

உடல்நலத் தயாரிப்பும் கடைசி நேரச் சடங்காகிவிட்டது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். சிலருக்குக் கழுத்தின் மேல்பகுதி எலும்புகளுக்கிடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். அவர்களை நீச்சல் குளத்தில் தலைகீழாகப் பாய விடுவது ஆபத்து. இதையெல்லாம் பயணத்துக்கு முந்தைய வாரம் கண்டுபிடித்துப் பயனில்லை. விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே மாவட்ட அரசு மருத்துவமனையில் பார்த்திருக்க வேண்டும்.

ஆண்டு முழுவதும் பயிற்சி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண் முன்னே சான்று இருக்கிறது. தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டக் கிராமத்துப் பெண் தீப்தி ஜீவன்ஜி. ஊரார் கேலி பேசிய பிள்ளை. பயிற்சியாளர் ரமேஷ் கண்டறிந்து ஹைதராபாதுக்கு அழைத்துவந்தார்; அங்கேயே தங்கி, தொடர்ந்து பயிற்சி பெற்றார். 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் அறிவுசார் குறைபாடு உடைய பெண்களுக்கான 400 மீட்டரை 55.07 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு பாரீஸ் பாராலிம்பிக்கில் 55.82 நொடியில் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் என்பது வேறு பாதை, அங்கே திறன்வாரிப் பிரிவுகள் கிடையாது. 2000இல் சிட்னியில் தங்கம் வென்ற ஸ்பெயின் கூடைப்பந்து அணியின் 12 பேரில் 10 பேருக்குக் குறைபாடே இல்லை என்று அம்பலமானதால், உலகம் முழுக்க அறிவுசார் குறைபாடு உடையோர் 2012 லண்டன் வரை அங்கே கால்வைக்க முடியாமல் போனது. பதக்க வெறி யாரைத் தண்டிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

பெர்லின் பயணத்துக்கு ஒன்றிய அரசு 7.7 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. அதை வரவேற்கிறோம். வென்றவர்களுக்கு ரொக்கப் பரிசும் வேண்டியதே. ஆனால், பரிசு பதக்கத்துக்குப் பின்னால் வருவது. குலுக்கலில் பெயர் வராத ஆயிரக்கணக்கானோருக்கு அதில் ஒரு காசு இல்லை. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்பதை உறுதிசெய்வது அரசின் கடமை என்று 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தின் 30ஆவது பிரிவு சொல்கிறது. குவாலியரில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று பெரிய பயிற்சி மையம் கட்டியிருக்கிறார்கள், நல்லது. இந்தப் பிள்ளைகளுக்கு அதைவிட அவசரமானது, மாவட்ட விளையாட்டரங்கின் கதவு வாரத்தில் மூன்று மாலைகள் திறந்திருப்பதும், அங்கே சம்பளம் வாங்கும் ஒரு பயிற்சியாளர் நிற்பதும்.

அடுத்த கோடைக்காலப் போட்டி 2027 அக்டோபரில் சிலி நாட்டின் சாந்தியாகோவில் நடக்கிறது. நமக்கும் அந்த ஊருக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம். வலிப்பு நோய்க்குக் காலையும் இரவும் மாத்திரை எடுக்கும் வீரருக்கு அந்த நேரக் கணக்கை மாற்றியமைக்க மருத்துவரும், அவரை அன்றாடம் அறிந்த ஒருவரும் கூடவே வேண்டும். ஆகவே, தேர்வாகும் வீரரின் பெயர் வரும் அதே அரசாணையில், அவருக்கு ஊரில் பயிற்சி அளித்தவரின் பெயரும் வரட்டும். அவருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பும், பள்ளிக்கு மாற்று ஆசிரியரும், பயணச் செலவும் அந்த ஆணையிலேயே எழுதப்படட்டும்.