உல்லாசப் பயணத்தில் வேலை நேரம் எது?

மியூனிக் நகரின் ஹெல்லாபுருன் விலங்குக்காட்சிசாலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் செல்வதாகக் கொள்வோம். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள்; அவர்களோடு அவ்வீட்டில் தங்கியிருக்கும் இந்திய இளம்பெண் ஒருத்தி. நுழைவுச்சீட்டும் மதிய உணவும் குடும்பத்தின் செலவு. அவளும் மகிழ்ச்சியாகவே இருக்கிறாள். ஆனால் இளைய பிள்ளையின் தள்ளுவண்டி மாலைவரை அவள் கையில்தான் இருக்கிறது. அந்த நாள் அவளுக்கு விடுமுறையா, வேலைநாளா?

அவளை 'ஓ பேர்' என்பார்கள். 'சமநிலையில்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் அது. குழந்தைகளைக் கவனித்து, சிறு வீட்டுவேலைகள் செய்து, பதிலுக்குத் தங்குமிடமும் உணவும் கைச்செலவுப் பணமும் பெற்று, அந்நாட்டின் மொழியையும் பண்பாட்டையும் அறிவதே இந்த ஏற்பாடு. 1969இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உருவான ஐரோப்பிய உடன்படிக்கை இவர்களை மாணவர் என்றோ தொழிலாளர் என்றோ வகைப்படுத்தாமல், இரண்டின் இயல்பும் கலந்த தனிப்பிரிவாகக் கண்டது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஜெர்மானிய விதிகளின்படி வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஒன்றரை நாள் ஓய்வு உண்டு. கைச்செலவுப் பணம் மாதம் 280 யூரோ. எண்கள் தெளிவாக உள்ளன. ஆனால் விலங்குக்காட்சிசாலையில் கழிந்த ஆறு மணி நேரம் அந்த முப்பதில் சேருமா என்பது அந்தந்த வீட்டின் மனப்போக்கைப் பொறுத்தே அமைகிறது.

2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய வீட்டுப் பணியாளர் உடன்படிக்கை (எண் 189) இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. தம் நேரத்தைத் தம் விருப்பப்படி செலவிட இயலாமல், வீட்டாரின் அழைப்புக்காகக் காத்திருக்கும் பொழுதையும், தேசியச் சட்டங்கள் வரையறுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்கிறது அது. ஓ பேர்கள் வீட்டுப் பணியாளர்களா என்பது தனி விவாதம். ஆயினும் இந்த அளவுகோல் எளிமையானது: 'இன்று நான் வரவில்லை' என்று அவளால் தயக்கமின்றிச் சொல்ல முடியுமா? முடியுமெனில் அது விருந்து. முடியாதெனில் அது பணி.

மணிக்கணக்கு பார்த்தால் அன்பு கெட்டுவிடும் என்று சிலர் சொல்வர். குடும்பம் போலப் பழகும் இடத்தில் கணக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமாகத் தோன்றலாம். ஆனால் கணக்கில்லாத இடத்தில் விட்டுக்கொடுப்பவர் எப்போதும் ஒருவராகவே இருக்கிறார். எது வேலை, எது விடுமுறை என்று முன்கூட்டியே எழுதிவைத்தால், விடுமுறை நாளில் அவள் உடன் வருவது உண்மையான நட்பாகிறது.

இந்தியாவுக்கு இது அந்நியமான கதையன்று. ஆங்கிலேயக் குடும்பங்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு கப்பலேறிய ஆயாக்கள் பலர் இங்கிலாந்தில் கைவிடப்பட்டனர். லண்டன் ஹாக்னியில் அவர்கள் தங்கிய இல்லத்துக்கு 2022இல் நீல நினைவுப்பலகை வைக்கப்பட்டது. அவர்களும் குடும்பத்தோடு பயணம் செய்தவர்கள்தாம்; பயணம் முடிந்ததும் உறவும் முடிந்தது.

இன்றும் நம் பெருநகர உணவகங்களில், குடும்பம் உண்ணும்போது குழந்தையை இடுப்பில் ஏந்தியபடி சற்றுத் தள்ளி நிற்கும் பெண்களைக் காண்கிறோம். 'எங்கள் வீட்டுப் பெண் மாதிரி' என்று அவர்களைப் பற்றிச் சொல்லப்படுவதையும் கேட்கிறோம். 189ஆம் உடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. ஜெர்மனியில் ஓ பேருக்கு ஏட்டிலாவது 30 மணி நேர வரம்பு உண்டு. இங்கே சுற்றுலாவுக்கு உடன் அழைத்துச் செல்லப்படும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. பராமரிப்பு உழைப்பை ஆராய்வோர், வீட்டுக்குள் நிகழ்வதோடு நின்றுவிடாமல், உல்லாசம் என்ற பெயரில் வெளியே கழியும் பொழுதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.