தினைப் பின்னல் பை

சித்திரை பிறந்துவிட்டால் நம்மவர்களுக்கு மலைகளின் ஞாபகம் வந்துவிடுகிறது. வசதியுள்ளவர்கள் உதகமண்டலத்துக்கும் கோடைக்கானலுக்கும் மூட்டை கட்டுகிறார்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்கோ கொல்லிமலையே உதகமண்டலம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் சோளக்காடு, அதற்கப்பால் செம்மேடு, பிறகு அறப்பளீசுவரர் கோயில். கோயிலை ஒட்டி ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால், சுமார் முந்நூறடி உயரத்திலிருந்து ஆகாய கங்கை விழுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை என்ற பெருமையும் அதற்கு உண்டு. இத்தகைய இடத்துக்குப் போகிறவர் கையில் ஒரு பை இருந்தே தீரவேண்டும். இந்த வாரம் அந்தப் பையைப் பற்றித்தான் நமது சகோதரிகளுடன் பேசப் போகிறேன்.

பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வருவதற்கு முன், ஒரு கோடையில் என் வகுப்புப் பெண்களை அழைத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போனேன். கைவேலை கற்றுக்கொடுப்பவள் கடைப் பையோடு போவதா என்ற வீம்பினால், சீமைப் புத்தகம் ஒன்றில் கம்பளி நூலுக்குச் சொல்லியிருந்த கணக்கை அப்படியே பருத்தி நூலுக்கு வைத்து, ஒரு பை பின்னி எடுத்துச் சென்றேன். வண்டியை விட்டு இறங்கியபோது என் இடுப்பளவில் தொங்கிய அந்தப் பை, பாதிப் படிகள் இறங்குவதற்குள் முழங்காலைத் தொட்டுவிட்டது. அதில் இருந்தவை இரண்டு தண்ணீர்ப் புட்டிகள், ஒரு துண்டு, எலுமிச்சஞ்சாதப் பொட்டலம், இவ்வளவே. திரும்பி ஏறுகையில் அருவியில் நனைந்த துண்டின் கனமும் சேர்ந்துகொண்டது. கைப்பிடி கயிறாய் மெலிந்தது. பையின் அடிப்பாகம் படிகளைத் துடைத்துக்கொண்டே வந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

படிகளின் உச்சியில் அன்னாசிப்பழம் விற்றுக்கொண்டிருந்த மலைவாழ் மூதாட்டி ஒருத்தி என் நிலைமையைப் பார்த்து இரங்கி, "இதுல வெச்சுக்கம்மா" என்று பழத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன். பத்தடி நடப்பதற்குள் ஒரு குரங்கு பாய்ந்து வந்து அதைப் பறித்துக்கொண்டு ஓடியது. பழத்தைத் தின்றுவிட்டுப் பையைப் பள்ளத்தில் வீசியது. அந்த வெள்ளைப் பை ஒரு மரக்கிளையில் சிக்கிக் காற்றில் படபடத்த காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது. வீசியது குரங்குதான், ஆனால் அதை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். நான் பின்னிய பை ஒழுங்காக உழைத்திருந்தால் அது அங்கே போயிராது.

நிற்க. நம் ராஜ்யத்தில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைகள் தடை செய்யப்பட்டிருக்கின்றன. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கமும் தொடங்கப்பட்டது. சட்டம் கடைக்காரரின் கையைத் தடுக்கும். ஆனால் நம் கையில் வேறு பை இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பல்லவா? ஆகவே, அன்று என் பை ஏன் கெட்டது என்று வீட்டுக்கு வந்ததும் ஆராயத் தொடங்கினேன்.

காரணம் வெகு எளியது. கம்பளி இழை சுருள் சுருளாக அமைந்தது. அறுபடுமுன் தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வரை நீளக்கூடியது. இழுத்து விட்டால் மீண்டும் சுருங்கிப் பழைய நிலைக்கு வந்துவிடும். பருத்தி இழைக்கு அந்தக் குணமில்லை. பத்திலொரு பங்கு நீள்வதற்குள் அறுந்துவிடும். "அப்படியானால் பருத்திப் பை நீளவே கூடாதே!" என்று கேட்கலாம். நீள்வது இழையன்று, கண்ணி. பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு வளையம். பாரம் ஏறியதும் வட்டமான வளையம் ஒடுங்கி நீளமாகிறது. கம்பளியானால் அந்த வளையத்தை இழை மீண்டும் இழுத்துக்கொள்ளும்; பருத்தி, போனது போனபடியே நிற்கும். திருப்பூர் பனியனும் இதே கண்ணிப் பின்னல்தான். பழைய பனியனின் கழுத்து தொளதொளத்துத் தொங்குவதைப் பார்க்காத வீடு உண்டோ?

குளிர்தேசத்தார் தங்கள் ஆட்டு ரோமத்துக்கு எழுதிய கணக்கை நாம் நம் பருத்திக்கு வைத்தோம். குற்றம் நூலினுடையதும் அல்ல, புத்தகத்தினுடையதும் அல்ல. நம் நூலுக்கு நாமே கணக்குப் போட்டுக்கொள்ளாததுதான் குற்றம்.

அந்தக் கணக்கு இதுதான். முதலாவது, பின்னலின் வகை. வலப்பக்கம் முழுதும் 'நிட்' என்னும் நேர்க்கண்ணியும், இடப்பக்கம் முழுதும் 'பர்ல்' என்னும் புறக்கண்ணியுமாகப் பின்னினால் வழவழப்பான துணி கிடைக்கும். ஆனால் அதில் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏணிபோல் நிற்பதால் எளிதில் கீழே இழுபடும், ஓரங்களும் சுருண்டுகொள்ளும். ஒரு நேர்க்கண்ணி, ஒரு புறக்கண்ணி என்று மாற்றி மாற்றிப் போட்டு, அடுத்த வரிசையில் அவற்றை இடம் மாற்றினால், ஒன்று முன்னால் இழுக்க மற்றொன்று பின்னால் இழுக்க, கண்ணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. துணி நெருக்கமாகிறது, ஓரம் சுருளுவதில்லை, இரு பக்கமும் ஒரேமாதிரி இருக்கிறது. மேற்பரப்பில் சின்னஞ்சிறு மணிகள் இறைத்தாற்போல் தோன்றும். சீமையில் இதனை விதைத் தையல் என்கிறார்கள். எங்கள் வகுப்பில் இதற்குத் தினைப் பின்னல் என்று பெயர். அந்த மணிகள் பார்வைக்கு அழகுதான்; ஆனால் பையின் பாரத்தைத் தாங்குவதும் அவையே என்பதை மறக்கவேண்டாம்.

இரண்டாவது, நூல். கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்தில் நூலுக்குப் பஞ்சமில்லை. ராசிபுரமும் திருச்செங்கோடும் பள்ளிபாளையமும் நெசவுக்குப் பேர்போனவை. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில்தான் ராஜாஜி அவர்கள் காந்தி ஆசிரமத்தை அமைத்தார். 1925 பிப்ரவரி 6 அன்று அதைத் திறந்து வைத்தவர் ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி அவர்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்துப் பெண்களுக்கு நூற்பு ஒரு பிழைப்பாக வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அத்தகைய வட்டாரத்தில் இருந்துகொண்டு கம்பளி நூலைத் தேடி அலைவானேன்?

நெசவாளர் உபயோகிக்கும் 2/20 நூற்சிட்டம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ராத்தல் எடையில் 840 கஜமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே நூலின் எண். 2/20 என்றால் 20 ஆம் எண் இழைகள் இரண்டைச் சேர்த்து முறுக்கியது. இது பின்னலுக்கு மெல்லியது. ஆகையால் எட்டு நூல்களை ஒன்றாகச் சேர்த்து உருண்டையாகச் சுற்றிக்கொள்ளவேண்டும். ஒரு பைக்குக் கால் கிலோ போதும்.

மூன்றாவது, ஊசி. இந்தப் பருமனுள்ள கம்பளிக்குப் புத்தகங்கள் 5 மில்லிமீட்டர் ஊசி சொல்லும். பருத்திக்கு 4 மில்லிமீட்டர் ஊசியே ஏற்றது. பழைய கணக்கில் இது 8 ஆம் எண். மூங்கில் ஊசியானால் நூல் வழுக்காது.

பை பின்னத் தொடங்குமுன் பரீட்சை ஒன்று செய்யுங்கள். 20 கண்ணிகள் ஏற்றி, நான்கைந்து அங்குலம் பின்னித் துவைத்து, நிழலில் உலர்த்தி அளந்து பாருங்கள். அங்குலத்துக்கு நாலரைக் கண்ணிகள் இருக்கவேண்டும். பிறகு அதன் கீழ் ஓர் அரைக்கிலோ படிக்கல்லைக் கட்டி இரவு முழுதும் தொங்கவிடுங்கள். காலையில் அரை அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தால், இன்னும் சிறிய ஊசிக்கு மாறுங்கள்.

இனிப் பின்னும் முறை. 63 கண்ணிகள் ஏற்றுங்கள். ஒரு நேர்க்கண்ணி, ஒரு புறக்கண்ணி என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வரிசை நேர்க்கண்ணியில் முடியும். எல்லா வரிசைகளும் இப்படியே. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால் மணிகள் தாமாகவே இடம் மாறி அமையும். ஐயம் வந்தால், மணியாகத் தெரியும் கண்ணியை நேராகவும் வழவழப்பாகத் தெரிவதைப் புறமாகவும் பின்னவேண்டும் என்ற ஒரே விதியை நினைத்துக்கொள்ளுங்கள். 28 அங்குல நீளம் வந்ததும் முடித்துவிடலாம். ஏறக்குறைய 224 வரிசைகள் ஆகும். மொத்தம் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகள். மலைத்துவிட வேண்டாம். தினம் அரைமணி நேரம் ஒதுக்கினால் மூன்று வாரத்தில் முடியும். பிறகு பாதியாக மடித்து இரு பக்கங்களையும் தைத்தால் பதினான்கு அங்குலச் சதுரப் பை தயார்.

கைப்பிடியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பின்னிய கைப்பிடி, பையைவிட வேகமாக நீளும். ஆகையால் ஒன்றரை அங்குல அகலமுள்ள பருத்தி நாடா 3 கஜம் வாங்கிக்கொள்ளுங்கள். பையின் அடியிலிருந்து முன்பக்கமாக ஏற்றி, மேலே 24 அங்குலம் வளையமாக விட்டு, மறுபடி முன்பக்கமாக இறக்கி, அடியைச் சுற்றிப் பின்பக்கத்திலும் அவ்வாறே செய்து, தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து தைத்துவிடுங்கள். இப்போது பை நாடாவின்மேல் உட்கார்ந்திருக்கும். பாரம் கண்ணிகளை விட்டு நாடாவுக்குப் போய்விடும். வேண்டுமானால் வளையங்களின்மேல் ஒன்பது கண்ணி அகலத்தில் தினைப் பின்னல் பட்டை ஒன்று சுற்றித் தைக்கலாம். உட்புறத்தில் பழைய வேட்டித் துணியால் உறை போடுங்கள். உறை, பையைவிட அரை அங்குலம் சிறியதாக இருந்தால் பாரத்தை அதுவும் பகிர்ந்துகொள்ளும்.

அருவிக்கரையில் பை நனைந்தால் கவலை வேண்டாம். ஈரத்தில் பருத்தி இழையின் வலிமை சற்றுக் கூடுமேயன்றிக் குறையாது. ஆனால் துவைத்தபின் கொடியில் தொங்கவிடாதீர்கள். தண்ணீரின் கனமே பையை இழுத்துவிடும். பாயில் விரித்து உலர்த்துங்கள்.

இந்தக் கணக்கின்படி பின்னிய பையுடன் மறுபடியும் கொல்லிமலைக்குப் போய்வந்தேன். திரும்பும்போது அதில் ஓர் அன்னாசி, சோளக்காட்டில் வாங்கிய இரண்டு கிலோ தினை, ஈரத்துண்டு எல்லாம் இருந்தன. மரவள்ளி பரவியபின் அம்மலையில் தினை, சாமை விதைக்கும் நிலம் குறைந்துவிட்டது. விளைவிப்பவரிடம் நேரே வாங்குவது அவர்களுக்கு ஓர் ஊக்கம். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். பை ஒரு விரற்கடை நீண்டிருந்தது. அது முழுவெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று யார் கொடுத்த பையையும் வாங்கவேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை.

அடுத்த வாரம், மீந்த நூலில் தண்ணீர்ப் புட்டிக்கு உறை பின்னுவதைப் பற்றி எழுதுகிறேன். அதற்குள் சகோதரிகள் படிக்கல் பரீட்சையையாவது முடித்து வைத்திருக்கவேண்டும்.