காலடி ஓசையா அறிவிப்பு?

தோழனே!

கடன் கொடுத்தவன் வழக்குமன்றம் ஏறுகிறான். பட்டவன் வரவில்லை. ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாதென்று வரவில்லையோ, கதவிலே ஒட்டிய சம்மன் காற்றோடு போயிற்றோ, யாரறிவார்! பெயர் கூவப்படுகிறது, பதில் இல்லை, பிறக்கிறது ஒருதலைத் தீர்ப்பு!

எப்போது அதை நிறைவேற்றலாம் என்கிறாய்? தடையுத்தரவோ தவணையோ இல்லையேல், உடனேயே! 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் அவனுக்கு அளிப்பது 12 ஆண்டுகள். தீர்ப்பை நீக்கக் கோரும் ஏழைக்கோ 30 நாட்கள்! சம்மன் முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அந்த 30 நாட்கள். மனுப் போட்டால் மட்டும் ஜப்தி நிற்காது, தடையுத்தரவும் பெறவேண்டும்.

சட்டத்துக்கு இரக்கமே இல்லையா? உண்டு. சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, தொழிலாளியின் கருவி, உழவன் குடியிருக்கும் வீடு ஆகியவற்றை ஜப்தி செய்யாதே என்கிறது 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. கொடுக்க வகையற்றவனைக் கடனுக்காகச் சிறையிலிடுதல் தகாது என 1980இல் உச்சநீதிமன்றத்தில் தீர்ப்புரைத்தார் கிருஷ்ணய்யர்.

வாங்கிய கடனைக் கொடுக்காதே என்றா சொல்கிறோம்? இல்லை! கேளாத செவிக்கு ஒருமுறை சொல் என்கிறோம். தீர்ப்புக்குப்பின் ஈராண்டு கடந்தால், நிறைவேற்றுமுன் நோட்டீசு தரவேண்டும் என்பது பொதுவிதி. அதற்குள் ஜப்தி என்றால், அமீனாவின் காலடி ஓசையே நோட்டீசு! ஒருதலைத் தீர்ப்புக்கேனும் முதல்நாள் முதலே நோட்டீசு கட்டாயமாகட்டும்.

அதுவரை, தோழனே, சம்மன் வந்த குடிசைக்குச் செல். படித்துச் சொல். வாய்தா நாளன்று கைபிடித்து அழைத்துப் போ. வழக்குமன்றத்தில் ஏழையின் மௌனம் சம்மதமாகிவிடக் கூடாது!